மரபணுப் பெட்டகத்தின் சாவி யாரிடம்?

(மும்பை மாட்டுங்காவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டம் நடைபெறும் இடத்துக்கு மேற்கே சிறிது தூரம் நடந்தால் மாட்டுங்கா ரோடு ரயில் நிலையம். 2006 ஜூலை 11 அன்று மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் மக்கள் நெருக்கியடித்து நின்ற புறநகர் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. அவற்றுள் ஒன்று இந்த நிலையத்துக்கும் மாஹிமுக்கும் இடையே வெடித்தது. 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வழக்கில் 2015இல் ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிருவரையும் விடுதலை செய்தது. பன்னிருவருள் ஒருவர் தீர்ப்பைக் கேட்க உயிருடன் இல்லை. 2021இலேயே சிறையில் இறந்துபோனார்.

இது மரபணுச் சோதனையால் தீர்க்கப்பட்ட வழக்கன்று. ஆயினும் இன்றைய பொருளுக்கு இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம். உயர் நீதிமன்றம் சுட்டிய குறைகளில் ஒன்று, கைப்பற்றியதாகச் சொல்லப்பட்ட வெடிபொருள்கள் முறையாக முத்திரையிடப்பட்டுப் பாதுகாக்கப்படவில்லை என்பது. ஆய்வகம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அதன் வாசலுக்கு வந்து சேரும் பொட்டலம் நம்பத்தக்கதாக இல்லாவிட்டால் ஆய்வறிக்கையும் நம்பத்தக்கதன்று. குற்றவாளிகள் யார் என்பது இறந்தோரின் குடும்பங்களுக்கு இன்றும் தெரியாது. சிறையில் கழிந்த பத்தொன்பது ஆண்டுகளை மற்றவர்களுக்குத் திருப்பித் தருவாரும் இல்லை.

இந்தத் தீர்ப்புக்கு ஆறு நாள் முன்பு, ஜூலை 15 அன்று, உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மதுரைக் கிளை அதனை உறுதிசெய்தது. வழக்கின் முக்கியச் சான்று மரபணு அறிக்கை. அறிக்கை பொருந்துகிறது என்றது. ஆனால் மாதிரிகள் எங்கே, யாருடைய பொறுப்பில், எத்தனை நாள் இருந்தன என்பதற்குக் காவல்துறையிடம் ஒழுங்கான கணக்கு இல்லை. அந்த அறிக்கையை நம்ப முடியாது என்று கூறி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அத்துடன் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளையும் வகுத்தது: மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறிய ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. தபால் அலுவலகத்தில் ஒரு பதிவுத் தபாலுக்குக் கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்குதான் இது. ஓர் உயிர் தூக்குமேடை வரை சென்று திரும்பிய பிறகே அதை எழுதி வாங்க வேண்டியிருந்தது.

அந்த வழக்கில் இன்னொரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். அறிக்கை பொருந்துகிறது என்று அரசு ஆய்வகம் சொன்னபோது, அதனைச் சரிபார்க்கக் குற்றஞ்சாட்டப்பட்டவர் எந்த ஆய்வகத்தின் கதவைத் தட்டியிருக்க முடியும்?

மகாராஷ்டிரத்தில் இப்பணியைச் செய்வது சாந்தாகுரூசை அடுத்த கலினாவில் தலைமையிடம் கொண்ட தடய அறிவியல் ஆய்வக இயக்ககம். அது மாநில உள்துறையின் கீழ் இயங்குகிறது. அந்தத் துறையின் கீழ்தான் காவல்துறையும் இயங்குகிறது. அங்கு பணியாற்றும் அறிவியலாளர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது இங்கு நோக்கமன்று. மலைபோல் குவியும் மாதிரிகளுக்கிடையே உழைக்கும் அரசு ஊழியர்கள் அவர்கள். சிக்கல் அமைப்பிலேயே இருக்கிறது. குற்றஞ்சாட்டுவதும் மாதிரி எடுப்பதும் சோதிப்பதும் சோதனையைக் காத்துவைப்பதும் ஒரே துறை. எதிர்த்தரப்புக்கு மறுசோதனை கேட்கும் உரிமையைத் தெளிவாக எழுதிவைத்த சட்டப்பிரிவும் இல்லை.

ஒரு ஒப்பீட்டைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் எடுக்கும் எண்ணெய் மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். வணிகர் கேட்டால் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் அறிக்கையில் குறை கண்டால் மேல்முறையீட்டு ஆய்வுக்கும் வழி உண்டு. நல்ல ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கலப்பட எண்ணெய் விற்றவருக்குச் சட்டம் எழுதிக்கொடுத்துள்ள இந்த உரிமை, தூக்குத் தண்டனையை எதிர்நோக்கும் கூலித் தொழிலாளிக்கு எழுதப்படவில்லை. வர்க்கச் சட்டம் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இங்குதான் பல்கலைக்கழகங்களின் இடம் வருகிறது. மரபணு அடையாள முறை காவல்துறையின் கண்டுபிடிப்பன்று. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற மரபியலாளர் கண்டறிந்தது. இரண்டாண்டு கழித்து, அப்பகுதியில் இரு சிறுமியர் கொல்லப்பட்ட வழக்கில் காவல்துறை பதினேழு வயது இளைஞன் ஒருவனைக் கைது செய்தது. அவன் சமையற்கூடத்தில் எடுபிடி வேலை செய்தவன். ஒரு கொலையை அவனே ஒப்புக்கொண்டதாக வாக்குமூலமும் இருந்தது. மற்றொன்றையும் அவன் மீதே நிறுவலாம் என்று எண்ணி ஜெஃப்ரீசிடம் மாதிரிகள் அனுப்பப்பட்டன. இரண்டையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இந்த இளைஞன் அல்லன் என்று பல்கலைக்கழக ஆய்வகம் சொன்னது. இளைஞன் விடுதலையானான்; உண்மைக் குற்றவாளி 1987இல் பிடிபட்டான். குற்ற வழக்கில் மரபணு முதன்முதலாகச் செய்த வேலை, ஓர் ஏழைத் தொழிலாளியின் பொய் வாக்குமூலத்தை உடைத்ததுதான். காவல் நிலையத்தில் வாக்குமூலம் எப்படி உருவாகிறது என்பதைத் தாராவித் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவிலும் இதே வரலாறுதான். 1989இல் கேரளத்தின் தலச்சேரியில் ஒரு தந்தைமை வழக்குக்காக மரபணுச் சான்று முதன்முதலில் நீதிமன்றம் ஏறியது. அதனைத் தந்தவர் ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர் லால்ஜி சிங். கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கும் அவளுடைய குழந்தைக்கும் உதவிய சோதனை அது. 1991 ஸ்ரீபெரும்புதூர் படுகொலை வழக்கிலும் அந்த ஆராய்ச்சி நிறுவனமே சோதனை செய்தது. அப்படியிருக்க, இன்று பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிறுவனமும் வாசலுக்கு வெளியே நிற்பது ஏன்? வாசலுக்கு உள்ளே என்ன கட்டப்பட்டுவருகிறது?

இதற்கு விடை காண நூறாண்டு பின்னே செல்ல வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது பிரிட்டிஷ் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிர்நீத்தனர். அச்சட்டத்தை மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்த நீண்ட பெயரைவிட அது துல்லியமான பெயர். குற்றம் செய்தாரா என்று பாராமல், பிறப்பைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் அச்சட்டத்தின் உயிர்நாடி என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் அரசு இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தது: கைதிகளை அடையாளங்காணும் சட்டம், 1920. விரல்ரேகை, கால்தடம், நிழற்படம் ஆகியவற்றை எடுக்க அது அதிகாரம் தந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் விடுதலைக்குப் பின் ஒழிந்தது. கைதிகள் சட்டம் 2022 வரை நீடித்தது.

2022 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, ஆகஸ்ட் 4 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. காலனியச் சட்டத்தை மாற்றிவிட்டதாக ஒன்றிய அரசு பெருமை பேசியது. மாற்றம் என்ன? ரேகையோடு கண்ணின் கருவிழிப் பதிவு, கையெழுத்து, நடத்தைக் கூறுகள், உயிரியல் மாதிரிகள், அவற்றின் ஆய்வு முடிவுகள் எல்லாம் ‘அளவீடு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. உயிரியல் மாதிரி என்றால் இரத்தமும் உமிழ்நீரும். அவற்றின் ஆய்வு என்றால் மரபணுவும்தான். இவற்றைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். இருபது வயதில் பிடிபட்ட இளைஞனின் உமிழ்நீர்க் கணக்கு அவனுடைய தொண்ணூற்றைந்தாம் வயது வரை இருக்கும். அவ்வயது வரை வாழும் நல்வாய்ப்பு எத்தனை துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

யாரிடமிருந்தெல்லாம் எடுக்கலாம்? தண்டிக்கப்பட்டோர், கைது செய்யப்பட்டோர், தடுப்புக் காவலில் உள்ளோர் ஆகியோரோடு நன்னடத்தைப் பிணை எழுதித்தர ஆணையிடப்பட்டோரிடமிருந்தும் எடுக்கலாம். இந்தக் கடைசிப் பிரிவைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மும்பையில் இதற்குச் ‘சாப்டர் கேஸ்’ என்று பெயர். பண்டிகைக்கு முன்பும் தேர்தலுக்கு முன்பும் வேலைநிறுத்தத்துக்கு முன்பும் காவல்துறை எடுக்கும் ஆயுதம் அது. பிணை எழுதித்தருபவர் குற்றவாளியல்லர். அமைதி காப்பேன் என்று உறுதி தருபவர். பழைய சட்டத்தில் அவருடைய விரல்ரேகை, கால்தடம், நிழற்படம் போன்றவற்றை மட்டும் எடுக்க முடிந்தது. இப்போது ‘அளவீடு’ என்ற சொல் விரிந்திருப்பதால் அவரும் அதன் முழு விரிவுக்குள் வந்துவிடுகிறார். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களும் ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களும் நீங்கலான வழக்குகளில் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் கைது செய்யப்பட்டவர் என்று சொல்லித்தான் அந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. பிணை எழுதித்தருபவரைப் பற்றி அது பேசவில்லை.

எழுதப்பட்டதைவிட எழுதப்படாமல் போனது பெரிது. 2019 ஜூலையில் மரபணுத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா மக்களவையில் வைக்கப்பட்டது. பல குறைகள் கொண்ட மசோதா அது. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தபோது, மதம், சாதி, அரசியல் கருத்து ஆகியவற்றின் பேரில் இது தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று என்று கூறியது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த தோழர் பினாய் விஸ்வம் எதிர்க் கருத்துக் குறிப்பு அளித்தார். அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் அம்மசோதாவில் வேறு சில ஏற்பாடுகளும் இருந்தன. ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் ஒழுங்குமுறை வாரியம் ஒன்று அதில் இருந்தது. தரவு வங்கியில் குற்றம் சார்ந்த பட்டியல்களோடு காணாமற்போனோர் பட்டியலும், அடையாளம் தெரியாமல் இறந்தோர் பட்டியலும் இருந்தன. ஆள் அடையாளம் நீக்கப்பட்ட புள்ளிவிவரங்களை ஆராய்ச்சிக்கும் தரக் கட்டுப்பாட்டுக்கும் பயன்படுத்த இடமளிக்கும் பிரிவும் இருந்தது. பல்கலைக்கழகங்கள் நுழையக்கூடிய சிறு வாயில் அது ஒன்றுதான்.

2023 ஜூலை 24 அன்று அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதன் பெரும்பாலான கூறுகள் 2022ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டன என்பது அரசு சொன்ன காரணம். எவை வந்தன, எவை விடுபட்டன என்று பாருங்கள். கைதிகளிடம் மாதிரி எடுக்கும் அதிகாரம் வந்துவிட்டது. வாரியம் வரவில்லை, காணாமற்போனோர் வரவில்லை, இறந்தோர் வரவில்லை, ஆராய்ச்சி வாயில் வரவில்லை. பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு சன்னலை அகற்றியிருக்கிறார்கள்.

இறந்தோர் பட்டியல் என்பது மும்பைக்கு ஏட்டுப் பேச்சன்று. இந்நகரின் புறநகர் இருப்புப்பாதைகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பலர் பெயரின்றியே பிணவறைக்குச் செல்கின்றனர். சயான் மருத்துவமனைப் பிணவறை வாசலில் காத்திருந்த அனுபவம் தாராவியில் பல குடும்பங்களுக்கு உண்டு. திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ ஒரு தாய் மகனிடமிருந்து தொலைபேசி வரும் என்று காத்திருக்க, மகனின் உடல் உரிமை கோருவாரின்றி எரிக்கப்பட்டிருக்கும். அடையாளம் தெரியாத உடல்களுக்கு மரபணுப் பதிவு வேண்டும் என்ற பொதுநல வழக்கு 2012 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. மசோதா கொண்டுவருவதாக அரசு தந்த உறுதியை ஏற்று 2018 மே மாதம் நீதிமன்றம் அதனை முடித்துவைத்தது. அரசு தன் மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகு அந்த உறுதி என்னவாயிற்று என்று கேட்பாரில்லை. உழைக்கும் மக்களுக்குப் பயன்படக்கூடிய பகுதியே காணாமற்போனோர் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கல்முனை மருத்துவமனையில் எண்பத்தொன்றாம் எண்ணாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையைத் தோழர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அக்குழந்தையின் பெற்றோர் யார் என்று 2005 பிப்ரவரியில் உறுதிசெய்தது ஒரு மரபணுச் சோதனை. இந்த அறிவியல் ஏழைக்கு என்ன தர முடியும் என்பதற்கு அது சான்று. அறிவியலை எதிர்ப்பது இடதுசாரிகளின் வேலையன்று. அது யார் கையில் இருக்கிறது என்று கேட்பதே வேலை.

இனி, சாவியின் கதை. 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. காந்திநகரில் இருந்த குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் தில்லியில் இருந்த ஒரு தேசிய நிறுவனமும் இணைந்து உருவானது அது. பெயர் பல்கலைக்கழகம், ஆனால் கல்வி அமைச்சகத்தின் கீழ் இல்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை தடய அறிவியல் கட்டமைப்புக்கு 2,254.43 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, அத்தொகை இந்தப் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகங்களுக்கும் மத்திய ஆய்வகங்களுக்கும் சென்றது. புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின்படி ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடம் செல்வது கட்டாயமாகிவருகிறது. ஆகவே ஆய்வகங்கள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மும்பைக் கோட்டைப் பகுதியிலுள்ள அரசுத் தடய அறிவியல் நிறுவனத்திலும் பிற கல்லூரிகளிலும் பட்டம் பெறும் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் இப்பெட்டகத்தில் என்ன பங்கு? காவல்துறை, ஆவணக் காப்பகம், பல்கலைக்கழகம் மூன்றும் ஒரே அமைச்சகத்தின் பிள்ளைகளானால், ஒரு பிள்ளையின் தவற்றை இன்னொரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

வெளியாரின் கண் ஏன் தேவை என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்றைச் சொன்னால் போதும். மரபணு அறிக்கை என்பது ஒருவருடைய மரபணு முழுவதையும் படிப்பதன்று. குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் ஒப்பிட்டு, இப்படி ஒரு பொருத்தம் தற்செயலாக அமைய இத்தனை கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு என்று கூறுவது. அந்தக் ‘கோடியில் ஒன்று’ எங்கிருந்து வருகிறது? மக்கள்தொகைப் புள்ளிவிவரத்திலிருந்து. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை அப்போது 13 இடங்களை ஒப்பிட்டது. 2001இல் அரிசோனா மாநில ஆய்வக ஊழியர் ஒருவர், உறவினரல்லாத இருவரின் பதிவுகள் 9 இடங்களில் ஒத்திருப்பதைக் கண்டார். பின்னர் ஒரு நீதிமன்ற ஆணையின் பேரில் அம்மாநிலத்தின் சுமார் 65,000 பதிவுகளையும் தம்முள் ஒப்பிட்டபோது அத்தகைய 122 இணைகள் கிடைத்தன. புலனாய்வுத் துறை இதில் வியப்பில்லை என்றது. 65,000 பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இருநூறு கோடிக்கு மேற்பட்ட இணைகள் உண்டாகும். அவற்றுள் சில ஒத்துப்போவது இயல்பே என்றது. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் நியாயம் எவ்வளவு என்பது பெட்டகத்தைத் திறந்து கணக்கிட்டால்தானே தெரியும்? ஆள் அடையாளம் நீக்கிய பதிவுகளை ஆராய்ச்சிக்குத் தருமாறு 2009இல் சுமார் 40 அறிவியலாளர்கள் வெளிப்படையாகக் கோரினர். கதவு திறக்கவில்லை. அதே நாட்டில், காணாமற்போனோரைக் கண்டறியும் பணிக்காக வட டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு மையத்துக்கு அதே பெட்டகத்தில் இடம் தரப்பட்டிருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகத்தைச் சேர்க்கவே முடியாது என்பதில்லை. எந்த வேலைக்குச் சேர்ப்பது என்பதை அதிகாரம் முடிவு செய்கிறது. பிணத்தை அடையாளங்காணச் சேர்க்கிறது, தன் கணக்கைச் சரிபார்க்கச் சேர்ப்பதில்லை.

இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. காரணம் சாதி. நூற்றாண்டுகளாகத் தத்தம் சாதிக்குள்ளேயே மணம் முடித்துவந்த சமூகம் இது. 2017இல் ஹைதராபாத் மையத்தின் அறிவியலாளர்களும் ஹார்வர்டு அறிவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து, அவற்றுள் 81 குழுக்களில் அகமணத்தின் மரபணுத் தடம் பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட ஆழமாக இருப்பதைக் கண்டனர். தமிழ்நாட்டில் இதன் மேல் மாமன் மகள், அத்தை மகன் உறவும் சேர்கிறது. தாராவிக்கு வாருங்கள். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அதே ஊர்களின் அதே உறவுகளுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே சந்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். முகமறியாத பொதுமக்களை மனத்திற்கொண்டு போட்ட ‘கோடியில் ஒன்று’ என்ற கணக்கு அச்சந்துக்குள் அப்படியே பொருந்துமா? குறைவான இடங்களே படிக்கக் கிடைத்த, சிதைந்த மாதிரியாக இருந்தால் என்ன ஆகும்? இதற்கெனத் திருத்தக் கணக்குகள் உண்டு. எந்த அளவுக்குத் திருத்துவது என்பது அந்தந்த மக்களிடையே ஆய்ந்து பெற்ற புள்ளிவிவரத்தைப் பொறுத்தது. அதைச் செய்ய வேண்டியவை பல்கலைக்கழகங்கள். நீதிமன்றத்தில் எத்தனை வழக்கறிஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்? இலவசச் சட்ட உதவி வழக்கறிஞருக்கு அருகில் ஒரு மரபியலாளர் உட்கார்ந்திருந்தால் கேட்கலாம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான அச்சம் உண்டு. பல்கலைக்கழகத்துக்குத் திறந்தால் அதன் பின்னால் தனியார் நிறுவனமும் நுழையாதா? சாதிக்கும் குற்றத்துக்கும் முடிச்சுப் போடும் போலி ஆய்வுகள் முளைக்காதா? முளைக்கும். குற்றப் பரம்பரை என்ற சொல்லைப் பெற்ற மண்ணில் அதை மறக்க முடியாது. கதவின் இயல்பும் அப்படியானது, இருபுறமும் திறக்கும். சுவீடனில் 1975 முதல் பிறந்த குழந்தைகளின் இரத்தத் துளிகள் நோய் கண்டறிவதற்காகச் சேமிக்கப்பட்டுவருகின்றன. 2003இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் கொலை வழக்கில், மருத்துவத்துக்கென எடுத்த அந்தத் துளி காவல்துறையின் கைக்குப் போயிற்று. கொலையாளி பிடிபட்டான். ஆனால் தாய்மார்களுக்குத் தந்த வாக்கு உடைந்தது. தனியார்மயத்துக்கும் எச்சரிக்கை அருகிலேயே இருக்கிறது. பிரிட்டன் தன் அரசுத் தடய அறிவியல் சேவையை நட்டம் என்று சொல்லி 2012இல் மூடி, வேலையைச் சந்தைக்கு விட்டது. நீதியின் அடித்தளத்தில் இலாபக் கணக்கு பார்த்தார்கள்.

ஆகவே கோரிக்கையைத் துல்லியமாக வைக்க வேண்டும். பெயரும் முகவரியும் அடங்கிய பெட்டகத்துக்குள் பல்கலைக்கழகத்தை விடுவது கோரிக்கையன்று. அடையாளம் நீக்கிய புள்ளிவிவரம், நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான தன்னாட்சி வாரியத்தின் கண்காணிப்பில், உள்துறையின் கீழ் வராத பொதுப் பல்கலைக்கழகங்களுக்குத் திறக்கப்பட வேண்டும். சாதி, மதம் சார்ந்து குற்றத்தைத் தேடும் எந்த ஆய்வுக்கும் அது கிடைக்கக் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கோரினால் மாதிரியின் ஒரு பாகம் அத்தகைய ஆய்வகத்துக்கு அரசுச் செலவில் செல்ல வேண்டும். ஒப்பீட்டுக்கான எண்களைக் குறித்துக்கொண்டதும் இரத்தத்தையும் உமிழ்நீரையும் அழித்துவிட வேண்டும். அவற்றில்தான் ஒருவருடைய நோயும் குலமும் முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. காணாமற்போனோர், இறந்தோர் பட்டியல்கள் காவல்துறைப் பெட்டகத்திலிருந்து முற்றிலும் பிரிந்து இயங்க வேண்டும். மகனைத் தேடி உமிழ்நீர் தரும் தாயின் பதிவு, அவளுடைய இன்னொரு மகனைப் பிடிக்கப் பயன்படலாகாது. இதில் தளர்வு காட்டினால் எந்தத் தாயும் வரமாட்டாள்.

சட்டம் மாறும் வரை கிளைகள் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. செம்பூரை அடுத்த தேவநாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1990 முதல் ‘பிரயாஸ்’ என்ற அமைப்பின் வழியாக விசாரணைக் கைதிகளிடையே பணியாற்றிவருகிறது. ஒரு கல்வி நிறுவனம் சிறைக்குள் சென்று ஜாமீனுக்கு உதவ முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது. நாட்டின் சிறைகளில் உள்ளோரில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகளே. அவர்களிடமிருந்து எடுக்கும் மாதிரிகளுக்கும் இத்தகைய துணை தேவைப்படுகிறது. செம்பூர், தாராவி, அண்டாப்ஹில் பகுதித் தோழர்கள் தம் பகுதியிலிருந்து யார் அழைத்துச் செல்லப்பட்டாலும் மூன்று விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்தப் பிரிவில் கைது, என்ன மாதிரி எடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. மாதிரி தர மறுப்பதே ஒரு குற்றமாகக் கொள்ளப்படலாம். ஆகவே மறுக்கும் உரிமை உள்ள வழக்கா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறிந்த பிறகே யாருக்கும் ஆலோசனை சொல்ல வேண்டும்.

விடுதலையானவர்களின் பதிவு பற்றி ஒரு செய்தி. சட்ட வழிகள் அனைத்தும் முடிந்து ஒருவர் குற்றமற்றவர் என்று விடுதலையானால், முன்தண்டனை ஏதும் இல்லாதவராயின், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி அவருடைய பதிவு அழிக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘அனைத்தும் முடிந்து’ என்பதில்தான் ஆண்டுகள் மறைந்திருக்கின்றன. ரயில் குண்டுவெடிப்பு வழக்கிலேயே மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றம் சென்றிருக்கிறது. விடுதலையானோர் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறினாலும் வழக்கு இன்னும் முடிந்ததாகாது. முடிந்த வழக்குகளிலும் பதிவு தானாக அழிவதில்லை. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, அழிக்குமாறு கோரும் விண்ணப்பம் மாநில அரசு நியமித்த பொறுப்பு அலுவலரிடம் தரப்பட வேண்டும். அவர் சரிபார்த்துப் பரிந்துரைத்த பிறகே காப்பகம் அழிக்கும். இப்படியொரு விண்ணப்பம் உண்டு என்பதே விடுதலையாகி வருவோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை அன்றே கேட்டு வாங்குவது, அதனை இணைத்து விண்ணப்பத்தை எழுதுவது, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிவைப்பது ஆகியவற்றைக் கிளைகள் தம் வேலையாக ஏற்க வேண்டும். மாதிரி விண்ணப்பம் மராத்தியில் இருக்கட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று விண்ணப்பிப்பவர் படித்தறிய, அதன் பின்பக்கத்தில் தமிழிலும் இருக்கட்டும்.